யாரும் வைக்காத நஞ்சு

கடல் ஊருக்குள் வந்துபோன மூன்றாவது கிழமை அது. பின்னேரம் நாலு மணியளவில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. ஆய்வுகூடத்தின் யன்னலால் பார்த்தேன். பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக் குனிந்தபடி இறங்கினார்கள். பிள்ளைகளைத் தூக்கி இறக்கினார்கள். எல்லோரும் வாயைப் பொத்திப் பொத்திச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். லொறி திரும்பிப் போய் இன்னொரு தடவை ஆட்களை நிறைத்துக்கொண்டு வந்தது.

வாவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கரையோரச் சனம். வீடும் வள்ளமும் போய், சிலருக்குக் குடும்பமே போய், உடுத்த உடுப்போடு அந்த வகுப்பறைகளில் கிடந்தவர்கள். அன்று மத்தியானம் பார்சல் சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வயிற்றைப் பிரட்டத் தொடங்கியிருக்கிறது.

நான் அந்த ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இருந்தேன். சனத்துக்கு அந்த நீளப் பெயர் தேவையில்லை. ‘லாப் மிஸ்’ என்பார்கள். இரத்தம், சிறுநீர், சளி பார்ப்பதுதான் நாளாந்த வேலை. சாப்பாட்டைப் பரிசோதிப்பது எங்கள் வேலையே அல்ல. அது கொழும்புக்குப் போகவேண்டும். ஆனால் அந்தக் கிழமைகளில் கொழும்பு வெகுதூரத்தில் இருந்தது. பாதி றோட்டு இல்லை, மீதி றோட்டில் நிவாரண லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

இருட்டுவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், எதையும் பதற்றமில்லாமல் செய்பவர். அன்று அவருடைய சட்டை நனைந்திருந்தது. கையில் குளிர் பிடிக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று.

“மிஸ், நாலு பார்சல் இருக்கு. ரெண்டு திறக்காதது, ரெண்டு தின்ட மிச்சம். நீங்கதான் பாக்கவேணும்.”

“சோறு எங்க இருந்து வந்தது?”

அவர் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பக்கத்து ஊர்ல இருந்து.”

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. தெரியும். அது முஸ்லிம் ஊர். கடல் வந்த அன்று பின்னேரமே அந்த ஊர்ச் சனம் பெரிய சட்டிகளை வெளியே எடுத்துவிட்டது. அவர்களுடைய கரையும்தான் அழிந்திருந்தது. இருந்தும் மூன்று கிழமையாகத் தமிழ் முகாம், முஸ்லிம் முகாம் என்று பார்க்காமல் சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்திய வருடங்களில் இரண்டு பக்கத்துக்கும் இடையில் நடந்தவற்றை யாரும் மறந்திருக்கவில்லை. கொஞ்சக் காலத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

“சனம் என்ன கதைக்குது?”

“நாளைக்கு உங்களுக்கே கேக்கும்” என்றார்.

பார்சலைத் திறந்தேன். சோறு, பருப்பு, மஞ்சள் பூசிய உருளைக்கிழங்குப் பிரட்டல், ஒரு துண்டு அப்பளம். மீன் இல்லை. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் யாரும் மீன் தின்னவில்லை. கடலோடு போனவர்களைத் தின்ற மீன் என்றார்கள். கிழங்கை மணந்து பார்த்தேன். புளிப்பு மணமோ கெட்ட மணமோ இல்லை. நல்ல தாளிச்ச மணம். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. பசியோடிருந்தால் நானும் தின்றிருப்பேன், பிள்ளைகளுக்கும் கொடுத்திருப்பேன்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் தேய்த்து வைத்தேன். கிழங்கில் ஒரு பொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிச் சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். ஊதா நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், குலை குலையாக. அவ்வளவு எண்ணிக்கையை ஒரு சாப்பாட்டில் நான் அதுவரை பார்த்ததில்லை. நாளைக்குக் காலையில் தட்டுகள் நிறைய வளர்ந்திருக்கும், விசயம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் கிழங்குத் தட்டில் ஒன்றுமே வளரவில்லை.

தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சோற்றுத் தட்டில் வழக்கமாக வரும் நாலைந்து புள்ளிகள். பருப்பிலும் அப்படித்தான். கிழங்குத் தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. வாட்டிலிருந்து டொக்டர் தொலைபேசியில் கேட்டபோது, “இதுவரைக்கும் கிருமி வளரல்ல டொக்டர்” என்றேன். அது உண்மை. அந்த உண்மை என் வாயிலிருந்து வெளியே போனதா, வாட்டிலிருந்து போனதா தெரியாது. பத்து மணிக்குள் தேநீர்க் கடையில் கதை வேறு மாதிரி இருந்தது.

“கிருமி இல்லையாமே. அப்ப நஞ்சு வெச்சதுதான்.”

அன்று மத்தியானம் வழமைபோல் பார்சல் லொறி முகாமுக்குப் போனது. வாசலில் மறித்து, சாரதியை இறக்கி அடித்தார்கள். பார்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து வாவியில் எறிந்தார்கள். முதல் நாள் சாப்பிட்டுச் சத்தி எடுத்த பிள்ளைகளும் கரையில் நின்று அதைப் பார்த்தார்களாம். அன்று முகாமில் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்தான் சாப்பாடு, பெரியவர்களுக்கு அதுவும் இல்லை. மறுநாள் வேலைக்குப் பாலத்தால் வந்தபோது நானே கண்டேன். வெள்ளைப் பொதிகள் கண்டற் செடிகளின் வேரில் ஒதுங்கிக் கிடந்தன. ஒரு காகம்கூட அவற்றில் இருக்கவில்லை.

பின்னேரம் ஆய்வுகூடத்துக்கு ஓர் ஆள் வந்தார். முப்பது வயதிருக்கும். நன்றாகத் தலை வாரி, கட்டம் போட்ட சட்டையை வெளியே விட்டிருந்தார். சட்டைக்குள் இடுப்பில் என்ன இருந்தது என்பது அவர் கதிரையில் இருந்த விதத்திலேயே தெரிந்தது. எந்த இயக்கம், எந்தப் பக்கம் என்று கேட்கும் வழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. வாசலில் மோட்டார்சைக்கிளில் இன்னொருவர் காத்திருந்தார், எஞ்சினை நிற்பாட்டவில்லை.

“அக்கா, அந்தச் சாப்பாட்டு றிப்போட்டக் காட்டுங்க.”

“இன்னும் எழுதல்ல தம்பி.”

“கிருமி இல்லை எண்டு சொன்னீங்களாம்.”

“வளரல்ல எண்டு சொன்னன். இல்லை எண்டு சொல்லல்ல.”

அவர் சிரித்தார். கோபமான சிரிப்பல்ல, நட்பான சிரிப்புத்தான். “எனக்குப் படிப்பு இல்ல அக்கா. ஒரு சொல்லில சொல்லுங்க. நஞ்சா, இல்லையா?”

“நாளண்டைக்கு வாங்க. சரியாப் பாத்துச் சொல்றன்.”

“நாளைக்கு வாறன்” என்றார். எழும்பிப் போகும்போது கதிரையை முன்பு இருந்த இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனார்.

அவர் கேட்ட கேள்விக்கான விடை எனக்கு ஏறக்குறையத் தெரியும். நுணுக்குக்காட்டியில் குலை குலையாகத் தெரிந்தும் தட்டில் வளரவில்லை என்றால், அந்தக் கிருமிகள் செத்தவை. யாரோ கிழங்கைத் திரும்பச் சூடாக்கியிருக்கிறார்கள். சூட்டில் கிருமி செத்துவிடும். ஆனால் அந்த வகைக் கிருமி சாவதற்கு முன் ஒரு நஞ்சைச் சுரந்து வைத்துவிடும். அந்த நஞ்சை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இலேசில் போகாது. மணமில்லை, ருசி மாறாது. மனிதருடைய மூக்கிலும் தோலிலும் புண்ணிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமி அது.

ஆகவே விடை, ‘ஓம், நஞ்சுதான்.’ அதைச் சொன்னால் பக்கத்து ஊரில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

நான் கொழும்பில் பயிற்சிக்குப் போயிருந்தபோது, அந்த நஞ்சைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பெட்டி ஒன்றை அங்குள்ளவர்கள் தந்துவிட்டிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் கிடந்தது. காலாவதித் திகதி கடந்து மூன்று மாதம். கடல் வந்தபோது மூன்று நாள் மின்சாரமும் இல்லை. நம்பலாமா என்று தெரியவில்லை. ஆனால் பெட்டிக்குள் ஒரு சின்னக் குப்பியில் உண்மையான நஞ்சும் இருந்தது, சோதனை வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பதற்காக. அதற்குச் சரியான விடை வந்தால் மற்றதையும் நம்பலாம்.

கிழங்கை உப்புநீரில் கரைத்து, சுழற்றி, வடித்து, தெளிந்த நீரை வரிசையாக இருந்த சின்னஞ்சிறு குழிகளில், குழிக்குக் குழி பாதியாக நீர் கலந்து ஐதாக்கி விட்டேன். மேலே பால்போன்ற ஒரு திரவத்தில் ஒவ்வொரு துளி. அந்தத் திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அந்த நஞ்சைப் பிடிக்கும் புரதம் ஒட்டியிருக்கும். நஞ்சு இருந்தால் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு குழியின் அடியில் பனிப்புகார்போலப் பரவி நிற்கும். இல்லாவிட்டால் எல்லாம் சரிந்து நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டாக விழும். பொட்டு விழுந்தால் நல்ல செய்தி. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக, நான் மத்தியானம் சாப்பிடாமல் விட்டிருந்த என் வீட்டுக் கிழங்குக் கறியையும் அதேபோல் கரைத்து இன்னொரு வரிசையில் விட்டேன்.

அதை அசையாமல் ஒரு நாள் வைக்கவேண்டும். நிவாரணச் சாமான் கொண்டுவரும் ஹெலிகொப்டர் தலைக்கு மேலால் போகும்போதெல்லாம் எங்கள் மேசைகள் நடுங்கும். ஆகவே என் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி, அதற்குள் ஈரக் கடதாசி விரித்து, தட்டை உள்ளே வைத்து மூடி, உள்ளறையின் மூலையில் நிலத்தில் வைத்துவிட்டுப் பூட்டினேன். திறப்பை நானே கொண்டுபோனேன்.

மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரிப் படியேறும்போது பரிசோதகர் எதிரில் வந்தார்.

“முகாமிலிருந்து வந்த பெரியவர் ஒராள் விடியப் போயிட்டார், மிஸ்.”

கடலில் மனைவியையும் இரண்டு மகன்மாரையும் பறிகொடுத்தவர். எழுபது வயது. ஏற்கெனவே இருதய வருத்தம். சத்தி நின்ற பிறகும் தண்ணீர் குடிக்க மறுத்தாராம்; சேலைன் ஏற்றிய ஊசியையும் இரண்டு தடவை கழற்றி எறிந்திருக்கிறார்.

“இப்ப இத ஆரும் சாப்பாட்டு வருத்தம் எண்டு சொல்லல்ல” என்றார் பரிசோதகர். “கொலை எண்டுதான் கதைக்கிறாங்க.”

உள்ளறையைத் திறந்து பெட்டியை எடுக்காமல், குனிந்து அப்படியே மூடியை மட்டும் தூக்கிப் பார்த்தேன். சரிபார்க்கும் வரிசையில் புகார். என் வீட்டுக் கிழங்கில் பொட்டு, பொட்டு, பொட்டு. முகாம் கிழங்கில் முதற் குழியிலிருந்து கடைசிக்கு முந்திய குழிவரை வெள்ளைப் புகார். அவ்வளவு ஐதாக்கியும் நஞ்சு விடவில்லை.

பரிசோதகரும் குனிந்து பார்த்தார். “இது எங்க இருந்து வந்தது எண்டு தெரிஞ்சா மட்டும்தான் சனத்தைச் சமாளிக்கலாம்” என்றார். “வாங்க, போயிட்டு வருவம்.”

நான் பஞ்சு சுற்றிய குச்சிக் குழாய்கள் சிலவற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவருடைய மோட்டார்சைக்கிளில் போனோம். அந்த ஊர் எல்லையில் கடைகள் பூட்டியிருந்தன. சந்தியில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். கையில் எதுவும் வைத்திருக்கவில்லை, ஆனால் யாரும் கதைக்கவுமில்லை. பரிசோதகரைத் தெரிந்த ஒருவர் முன்னால் நடந்து எங்களைச் சமையல் நடந்த இடத்துக்குக் கூட்டிப்போனார்.

சமைத்தவர்கள் ஐந்து பெண்கள். நான்கு பேருடைய கைகள் சுத்தமாக இருந்தன. ஐந்தாவது பெண் கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். காட்டச் சொன்னபோது தயங்கித்தான் நீட்டினார். வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு நீளக் காயம், விளிம்பு சிவந்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

“எப்படி ராத்தா வெட்டினது?”

“தகரம் மிஸ். என்ட மகளத் தேடக்குள்ள கிழிச்சிட்டு.”

“மகள்...?”

“மூணாம் நாள் கெடச்சா. அடக்கிட்டம்.”

நான் கைப்பையைத் திறந்து ஒரு குச்சிக் குழாயை எடுத்தேன். பரிசோதகர்தான் கேட்டார், கிழங்கு எப்போது அவித்தது என்று.

“முந்தின நாள் ராவே அவிச்சி, நான்தான் உரிச்சிப் பெசஞ்சி வெச்ச. விறகு பத்தாதே, விடிய எல்லாம் ஒண்டாச் சமைக்க ஏலா. பொறகு காலையில நல்லாச் சூடாக்கித்தான் கட்டின சேர். கொதிக்கக் கொதிக்க. பழசத் தின்னக் குடுக்கல்ல.”

அவர் அதைப் பெருமையாகவே சொன்னார். இன்னொருவருக்குச் சாப்பாடு கொடுக்கும்போது சூடாகக் கொடுக்கவேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோருமே வளர்ந்திருக்கிறோம். நான் அவருடைய காயத்தில் பஞ்சை மெல்லத் தொட்டு எடுத்தேன். அவர் கையை இழுக்கவில்லை.

“என்ட கைதானா மிஸ்?”

“இன்னும் தெரியாது ராத்தா. நாளைக்குத்தான் தெரியும்.”

“ஆருக்கும் ஒண்டும் ஆகல்லதானே?”

பரிசோதகர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “எல்லாருக்கும் சுகம். காயத்துக்கு மருந்து கட்டுங்க. கை ஆறுற வரைக்கும் சமைக்கவேணாம்.”

திரும்பி வந்து மோட்டார்சைக்கிளை ஆஸ்பத்திரிக்குள் விடும்போது பரிசோதகர், “பேர் எழுதவேணாம் மிஸ்” என்றார். “எந்தக் கடதாசியிலயும் எழுதவேணாம்.”

அந்தக் குச்சியைத் தட்டில் தேய்த்து ‘3’ என்று மட்டும் எழுதினேன். ஏன் மூன்று என்று போட்டேன், ஒன்று என்று ஏன் போடவில்லை என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆள் சொன்னபடியே வந்தார். இந்த முறை இருக்கவில்லை, நின்றுகொண்டே கேட்டார்.

“ஒரு உயிரும் போயிட்டு. இப்ப சொல்லுங்க அக்கா.”

றிப்போட்டில் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு சொல்லில் விரல் நின்றது. அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“நஞ்சுதானே?”

“ஓம் தம்பி. நஞ்சுதான். ஆனா ஆரும் வெச்சதில்ல.”

“வெக்காம எப்படி வரும்?”

“கிருமி செய்யிறது. மனிசர்ட கையில இருக்கும், மூக்கில இருக்கும். சாப்பாட்டில பட்டு, சாப்பாடு கனநேரம் கிடந்தா நஞ்சாகும். சூடாக்கினாலும் போகாது.”

“ஆற்ற கை?”

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். யாரும் வைக்கவில்லை என்று விளக்கினால் ஒரு கை வேண்டியிருந்தது. கையைக் காட்டினால் அந்தக் கைக்குச் சொந்தக்காரி இருக்கிறாள்.

“ஆற்ற கையெண்டும் சொல்லலாம்” என்றேன். “என்ட கையா இருக்கலாம். உங்கட மூக்கா இருக்கலாம். நம்பல்ல எண்டா பாப்பம்.”

எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. ஒரு குச்சியை எடுத்து முதலில் என் மூக்கில் விட்டுத் திருப்பி எடுத்தேன். பிறகு இன்னொரு குச்சியை அவரிடம் நீட்டினேன். அவர் வாசலைப் பார்த்தார். பிறகு தலையைச் சற்று அண்ணாந்து காட்டினார். இடுப்பில் ஆயுதம் வைத்திருந்த மனிதர் என் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குச்சி பட்டதும் அவருக்குத் தும்மல் வந்தது. “நாளைக்குக் காலையில வாறன்” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நான் அவருக்கு முன்பே வந்துவிட்டேன். மூன்று தட்டுகளையும் மேசைமேல் வைத்தேன். ஒன்று என்னுடையது: அந்தக் கிருமி வளரவில்லை. இரண்டு அவருடையது: அதிலும் இல்லை. மூன்றாவது முழுக்கத் தங்கநிறப் புள்ளிகள், உருண்டையாக, மினுமினுப்பாக. அந்தக் கிருமியை அறிந்த எவருக்கும் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

என் துணிவெல்லாம் வீணாகிப்போயிருந்தது. எல்லோரிடமும் இருக்கும் என்று சொன்னேன். என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. அந்த மூன்றாவது தட்டை ஒளித்து வைக்க எழும்பியபோதே அவர் உள்ளே வந்துவிட்டார்.

“எது என்ட?”

இரண்டாவதைக் காட்டினேன். அவர் தூக்கிப் பார்த்து, திருப்தியாகக் கீழே வைத்தார். பிறகு எண்ணினார்.

“ரெண்டு பேர்தானே எடுத்தம். இது ஆற்ற?”

அவருடைய விரல் மூன்றாவது தட்டின் மூடியில் இருந்தது. வெளியே மோட்டார்சைக்கிள் உறுமிக்கொண்டிருந்தது. ஆய்வுகூட வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரு மாதிரியை இன்னொருவருடையது என்று சொன்னதில்லை. சொன்னால் அந்த வேலைக்கே அர்த்தமில்லை.

“அதுவும் என்ட தம்பி. மற்றது மூக்கு. இது கை.”

“கையக் காட்டுங்க.”

இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் என் விரல்களைத் தொடாமல், குனிந்து, நகக்கண் வரைக்கும் பார்த்தார். நான் காலையில் இரண்டு தடவை ஸ்பிரிட் போட்டுக் கழுவியிருந்தேன். மணம் அவருக்கும் போயிருக்கும்.

“இதில ஒண்டும் தெரியல்லையே.”

“தெரியாதுதான். அதுதான் பயம். இந்தக் கையாலதான் நான் நாளும் என்ட பிள்ளைகளுக்குச் சோறு குழைச்சுக் குடுக்கிறன்.”

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். நம்பினாரா, நம்பவில்லையா என்பது அந்தப் பார்வையில் தெரியவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தேயிருந்தது என்று சில நாட்களில் நினைப்பேன். “சரி அக்கா” என்றார். கொஞ்சம் நின்று, “ஒரு தேவை வந்தா இந்தத் தட்டை எல்லாருக்கும் காட்டுவீங்கதானே? உங்கட கை எண்டு?” என்றார்.

“காட்டுவன்.”

தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் டொக்டரும் பரிசோதகரும் முகாமுக்குப் போய்ச் சனத்தைக் கூட்டிக் கதைத்தார்கள். நஞ்சு என்ற சொல்லைப் பாவிக்கவில்லை. கிழங்கு பழுதாகிவிட்டது, இனி முகாமிலேயே சமைத்து உடனே சாப்பிடுவோம் என்று சொன்னார்கள். ஒரு சிலர் சத்தம் போட்டார்களாம். ஆனால் பின்னால் நின்ற யாரோ அவர்களை அடக்கியிருக்கிறார்கள். யார் என்று பரிசோதகர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து அரிசியும் பருப்பும் மூட்டையாக வந்தது. சமைத்த சாப்பாடு பிறகு வரவேயில்லை. சந்தியில் நின்ற ஆண்கள் நாலைந்து நாளில் கலைந்து போனார்கள். பெரியது எதுவும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் எதுவும் நடக்காமல் விட்டதுதான் பெரிய விசயம்.

என் வீட்டில் இதை யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கையால் மோட்டார்சைக்கிள் ஒன்று மெதுவாகப் போனால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். அது போய் முடியும்வரை காது அதன் பின்னாலேயே போகும். அடுத்த வருடம் அந்த ஆளைப் பிணவறைக்குக் கொண்டுவந்தார்கள். வெல்லாவெளிப் பக்கம் வயற்கரையில் கிடந்ததாகச் சொன்னார்கள். யார் சுட்டது என்று தெரியாது. அவருடைய இரத்த மாதிரி என் மேசைக்கு வந்தபோதுதான் பெயரைப் பார்த்தேன். அதுவரை எனக்கு அவருடைய பெயர் தெரியாது. பயம் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. பின்னேரம் முழுவதும் ஒரு தவறு செய்தவளைப்போல் திரிந்தேன்.

சண்டைக்குத் தப்பி வாகரைச் சனம் இடம்பெயர்ந்து வந்த வருடம் மறுபடியும் முகாம்கள், மறுபடியும் பெரிய சட்டிகள். நானும் பரிசோதகரும் சமையல் இடங்களுக்குப் போய் ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்தோம். வெட்டுக்காயம் உள்ளவர்களை ஒதுக்கினோம். யாருக்கும் காரணம் விளக்கவில்லை.

அந்தப் பெண்ணை நான் மறுபடி கண்டது, வடக்கில் யுத்தம் முடியப்போகும் மாதங்களில். எங்கள் பக்கத்தில் அப்போது சண்டை இல்லை, ஆனால் சோதனைச்சாவடிகள் இருந்தன. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எனக்கு முன்னால் கறுப்பு அபாயா போட்ட ஒருவர் நின்றார். திரும்பிப் பார்த்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“லாப் மிஸ்தானே?”

கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்திருந்தார். மெலிந்திருந்தார். அங்கே சமைத்தீர்களா என்று கேட்டேன்.

“இல்ல. சமைக்க ஏலாதெண்டு சொல்லித்தான் போன. துணி தோய்ச்சன், வீடு கூட்டினன்.”

வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு வயசாளி மௌத்தானது எனக்கு அண்டைக்கே தெரியும் மிஸ். நீங்க ரெண்டு பேரும் வாறதுக்கு முன்னமே எங்கட ஊருக்குக் கதை வந்திட்டு. அந்த சேர் இல்லையெண்டு சொன்னாரு, நான் ஒண்டும் பேசல்ல.”

முன்னால் பெண் சிப்பாய் ஒருத்தி யாரோ ஒருவருடைய பையைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“அது என்ட கையாலதானா?”

எத்தனையோ தடவை இந்தக் கேள்விக்கு நான் விடை தயாரித்து வைத்திருந்தேன். இல்லை ராத்தா, அவருக்கு ஏற்கெனவே வருத்தம். இல்லை ராத்தா, அவருக்கு வாழ விருப்பமில்லை. இரண்டும் பொய்யல்ல. ஆனால் கிழங்கில் என்ன இருந்தது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த மனிதருடைய இருதயத்தை எது நிறுத்தியது என்று எந்தத் தட்டிலும் நான் பார்க்கவில்லை.

“தெரியாது ராத்தா” என்றேன். “சத்தியமாத் தெரியாது.”

அவர் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“இல்ல எண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கமாட்டன்” என்றார்.

அவருடைய முறை வந்தது. பையைத் திறந்து காட்டினார். சிப்பாய் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மறுபக்கத்தில் நின்று எனக்காகக் காத்திருந்தார். பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். இருக்கை இருக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி, பட்டணம் வரும்வரை பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.